தட்டு மாற்றி நிறுத்தவர்

எங்கள் தெருவில் அந்த ஆட்டோ எப்போது வந்தாலும் நான் வாசலுக்கு வந்துவிடுவேன். விற்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை, வேடிக்கை பார்க்கத்தான். "பழைய பட்டுப் புடவை, கிழிஞ்ச பட்டுப் புடவை, ஜரிகை வேட்டி எடுக்கிறோம்" என்று பதிவுசெய்த குரல் முழங்க, வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒரு பெரியவர் இறங்குவார். சட்டைப் பையில் சின்னக் கறுப்புக் கல், பாதி பிளேடு, கையடக்கமான எலக்ட்ரானிக் தராசு. தாம்பரத்துக்குக் குடிவந்து எத்தனையோ வருடம் ஆகியும், ஜரிகையைத் தேய்த்துப் பார்க்கும் கையைக் கண்டால் எனக்குக் காஞ்சிபுரம்தான்.

அன்றைக்கு எதிர்வீட்டு அக்கா தன் முகூர்த்தப் புடவையை எடுத்து வந்தார். மடிப்புக்கு மடிப்பு இற்றுப்போயிருந்தது. பட்டு போனால் போகட்டும், ஜரிகை இருக்கிறதே என்ற கணக்கு. வெள்ளி கிலோ ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியதிலிருந்து எல்லார் வீட்டுப் பீரோவும் திறந்துகொண்டிருக்கிறது. பெரியவர் கரையிலிருந்து ஓர் இழையை நகத்தால் நெம்பி எடுத்தார். கல்லில் தேய்த்தார். வெயிலுக்குக் காட்டினார். மேல்பூச்சு போன இடத்தில் சிவப்பாக மின்னியது.

"செம்பும்மா. டெஸ்ட் ஜரிகை. எனக்கு ஆகாது."

அக்கா புடவையை மடிக்காமலே சுருட்டிக்கொண்டார். "காஞ்சிபுரத்துக்கே போய் எடுத்தது. சுத்த ஜரிகைன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. எங்கப்பா கடன் வாங்கிக் காசு கட்டினார்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "உங்க ஊர்தானே?"

என் ஊர்தான். சொன்ன கடைக்காரர் இப்போது இருக்கிறாரோ என்னவோ, நம்பிக் காசு கட்டிய அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். நாப்தலின் உருண்டை வாசத்தில் இத்தனை காலம் கிடந்த பொய், சம்பந்தமே இல்லாத ஒரு தெருவில் வெளியே வந்து, சம்பந்தமே இல்லாத என்னை முறைத்தது. சம்பந்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

என் அப்பா பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு முதலாளியிடம் எடை போடும் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். 1839-ல் ஸ்காட்லாந்து மிஷனரிகள் தொடங்கிய ஆண்டர்சன் பள்ளியில் படித்தவர். மணிமணியான கையெழுத்து. அந்தக் கையெழுத்தும், எங்கள் கிறிஸ்தவச் சபையில் அவருக்கு இருந்த பெயரும்தான் அவரைத் தராசடியில் உட்காரவைத்தன. எங்கள் ஊர்த் தொழிலில் எல்லாமே எடைதான். நெசவாளி வரும்போது பாவு, ஊடை, ஜரிகை மூன்றையும் நிறுத்துக் கொடுத்து அவர் பெயரில் பற்று எழுத வேண்டும். ஜரிகைக்கு மார்க் கணக்கு. ஒரு மார்க் என்பது 240 கிராமுக்குச் சற்று மேல். புடவை முடிந்து வந்ததும் அதை நிறுத்து, மிச்ச நூலை நிறுத்து, சேதாரம் கழித்து வரவு வைக்க வேண்டும். ஒரு சின்ன வித்தியாசம் வந்தாலும் நெசவாளியின் கூலியில் கை வைப்பார்கள்.

அப்பா ஒவ்வொன்றையும் இரண்டு தடவை நிறுப்பார். முதல் தடவை நிறுத்ததும் படிக்கல்லை இந்தத் தட்டிலிருந்து அந்தத் தட்டுக்கும், பட்டை அந்தத் தட்டிலிருந்து இந்தத் தட்டுக்கும் மாற்றி வைப்பார். தராசின் ஒரு கை கொஞ்சம் நீளமாக இருந்தால் முதல் தடவையில் தெரியாது, மாற்றி வைத்தால் முள் காட்டிக்கொடுத்துவிடும். கள்ளத்தராசைக் கர்த்தர் அருவருக்கிறார் என்று வேதத்தில் இருப்பதை அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை இதுதான். தட்டு மாற்றுவதைப் பார்க்க நெசவாளிகள் கழுத்தை நீட்டுவார்கள். "சீக்கிரம் முடிங்க, லோடு நிக்குது" என்று உள்ளிருந்து முதலாளியின் குரல் வரும். அப்பா வேகத்தைக் கூட்டி நான் பார்த்ததில்லை.

நெசவாளிகள் எல்லாரும் உத்தமர்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். பட்டு ஈரத்தைக் குடிக்கும். தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குடித்தாலும் கைக்கு ஈரமாகத் தெரியாது. கொஞ்சம் நூலை எடுத்துக்கொண்டு, புடவையைத் தறிக்குழியின் ஈரத்தில் ஒரு ராத்திரி வைத்துக் கொண்டுவந்தால் எடை சரியாக வந்துவிடும். அப்பா புடவையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். கைக்குத் தெரியாதது கன்னத்துக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் ஒன்றும் சொல்லாமல் கொடியில் போட்டுவிட்டு, "வெயில்ல டீ குடிச்சிட்டு வாங்க முதலியாரே" என்பார். சிலர் டீக்குப் போய்விட்டு, விட்டுப்போன நூல்கண்டு ஒன்றை "மறந்துட்டேன்" என்று கொண்டுவந்து வைப்பார்கள். அப்பாவும் "மறந்துதான் போகும்" என்பார்.

பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படம் வந்தபோது அப்பாவைக் கூட்டிப்போனேன். பிரகாஷ்ராஜ் மகளின் கல்யாணப் புடவைக்காகப் பட்டு நூலை வாயில் ஒளித்து வெளியே கொண்டுவருகிற படம். தியேட்டரில் மூக்கு உறிஞ்சாத ஆள் இல்லை. அப்பா மட்டும் என் காதருகே குனிந்து, "தினம் இப்படி எடுத்தா எடையில வந்திருக்குமே, அந்தக் கணக்குப்பிள்ளை என்ன பண்ணிட்டிருந்தான்?" என்றார்.

முதலாளி வீட்டில் ஒருநாள் ஒரு கட்டை ஜரிகை காணாமல் போனது. எங்கள் ஊரில் இதற்குப் போலீஸுக்கெல்லாம் போகமாட்டார்கள். பூஜை அறையில் காமாட்சியம்மன் படத்துக்கு முன்னால் தட்டில் கற்பூரம் ஏற்றிவைத்து, வேலை பார்ப்பவர்களை வரிசையில் நிற்கவைத்தார்கள். ஒவ்வொருவராக உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்து, "நான் எடுக்கலை, எடுத்திருந்தா என் குடும்பம் விளங்காது" என்று சத்தியம் செய்ய வேண்டும். அணைய அணைய மறுபடி ஏற்றினார்கள். அப்பாவின் முறை வந்தது.

"நான் எடுக்கலைங்க முதலாளி."

"கற்பூரம் வேணாம், உங்க வேதப் புஸ்தகத்து மேலயாவது கை வைங்க."

"அதுவும் வேணாங்க. சத்தியமே பண்ணாதேன்னுதான் எங்க சாமி சொல்லியிருக்கார். ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்லை. அதுக்கு மேல என்கிட்ட வார்த்தை கிடையாது."

முதலாளி திகைத்துப்போனார். அவர் கெட்டவர் அல்ல. அப்பா எடுக்கவில்லை என்று அவர் மனசுக்கும் தெரியும். ஆனால் அத்தனை பேர் சத்தியம் செய்த இடத்தில் ஒரே ஒருவர் மறுத்தால் ஊர் என்ன நினைக்கும்? ஜரிகையின் விலை அப்பாவின் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கப்பட்டது. அந்தக் கட்டை கடைசிவரை கிடைக்கவில்லை.

வீட்டில் அம்மா ஆடித் தீர்த்துவிட்டார். "கோர்ட்டுல எல்லாக் கிறிஸ்தவனும் சத்தியம் பண்ணித்தான் சாட்சி சொல்றான். உங்களுக்கு மட்டும் கை கூசுதா? இந்தக் கிறிஸ்மஸுக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கிறது யாரு?" அப்பா பதில் பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். அந்தக் கிறிஸ்மஸுக்கு நான் பழைய பாவாடையை அடிமடிப்புப் பிரித்து நீளமாக்கிப் போட்டுக்கொண்டு போனேன். இன்றைக்குவரை அந்த வழக்கில் நான் அம்மா பக்கம்தான். ஆனால் யாராவது என்னிடம் "சத்தியமா?" என்று கேட்டால் வாய் தானாக மூடிக்கொள்கிறது.

அம்மா ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பார். ஆகான் கதை வந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். எரிகோவின் கொள்ளையில் அவன் ஒளித்துவைத்தது பாபிலோன் தேசத்து அழகான சால்வை ஒன்று, கொஞ்சம் வெள்ளி, ஒரு தங்கக் கட்டி. துணி, வெள்ளி, தங்கம் மூன்றையும் சேர்த்துச் சொன்னால் காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்கு வேறென்ன தோன்றும்? "டீச்சர், எத்தனை மார்க் ஜரிகை?" என்று ஒருவன் கேட்டான். கூடாரத்துக்கு அடியில் மண்ணைத் தோண்டிப் புதைத்தான் என்றதும் எல்லாரும் மனசுக்குள் தறிக்குழியைத்தான் பார்த்தோம். கடைசியில் அவனோடு அவன் பிள்ளைகளும் அழிந்தார்கள் என்கிற இடத்தில் மட்டும் வகுப்பு கப்சிப். அப்பன் ஒளித்ததற்குப் பிள்ளைகள் என்ன செய்யும் என்று நான் கேட்டதற்கு அம்மா, "மேல படி" என்றார்.

எனக்கு அதைவிடப் பெரிய சந்தேகம் அனனியாவைப் பற்றி. அவனும் அவன் மனைவி சப்பீராளும் நிலத்தை விற்று, காசில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு, மீதியை அப்போஸ்தலர் பேதுருவிடம் கொண்டுபோய் முழுசும் இதுதான் என்றார்கள். இருவரும் அங்கேயே விழுந்து செத்தார்கள். எங்கள் முதலாளி கடையின் முன்கட்டில் தினமும் பொய் சொல்கிறார்கள், யாரும் விழக் காணோமே? மாடிதானே எழும்புகிறது?

அந்தச் சமயத்தில்தான் டெஸ்ட் ஜரிகை பரவலாக வரத் தொடங்கியிருந்தது. சுத்த ஜரிகை என்றால் நடுவில் பட்டு இழை, அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி சுற்று, அதற்கு மேல் தங்க முலாம். தங்கம் நூற்றில் ஒரு பங்குகூட வராது, பாரமெல்லாம் வெள்ளிதான். டெஸ்ட் ஜரிகையில் வெள்ளியின் இடத்தில் செம்பு உட்கார்ந்து, வெள்ளி வெறும் பூச்சாகிவிடும். கடையில் பார்த்தால் இரண்டும் ஒரே மினுக்குதான், வருடங்கள் போனால் ஒன்று கறுக்கும். அப்பாவுக்கு டெஸ்ட் ஜரிகைமேல் கோபமே இல்லை. "ஏழை வீட்டுப் பொண்ணும் மணவறையில மின்னணும் இல்லையா" என்பார். அம்மாவுக்கு அவர் வாங்கிக் கொடுத்ததும் அதுதான்.

அனனியா சந்தேகத்தை ஒருநாள் அவரிடம் கொட்டினேன். அவர் சொன்னது எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்காதது. "பாப்பா, பேதுரு அவன்கிட்ட என்ன சொல்றார்னு கவனி. நிலம் உன்னோடது, வித்த காசும் உன்னோடதுதான்ங்கிறார். பாதி கொண்டுவந்ததுல தப்பே இல்லை. பாதி இதுன்னு சொல்லி வெச்சிருந்தா மாலை போட்டிருப்பாங்க. பாதியைக் கொண்டுவந்து முழுசுன்னான் பாரு, அங்கதான் போச்சு. டெஸ்ட் ஜரிகையும் அப்படித்தான்." யாரும் ஏன் விழவில்லை என்பதற்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை.

பில் போடுகிற வேலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி முதலாளி கேட்டபோது, டெஸ்ட் ஜரிகையைச் சுத்தம் என்று தன் கையால் எழுதமாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார். வேலை போகும் என்று பயந்தோம். போகவில்லை. பின்கட்டில் தராசு அவருக்கு, முன்கட்டில் பில் புத்தகம் வேறொருவருக்கு என்று ஏற்பாடு ஆனது. நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன சொல்லி விற்கிறார்கள் என்று அப்பாவுக்குத் தெரியும். அங்கே வந்த காசில்தான் நான் டீச்சர் டிரெயினிங் படித்தேன். படுக்கையில் விழுந்த கடைசி நாட்களில் அவரே அந்தப் பேச்சை எடுத்தார். "நானும் பாதிதான் கொண்டுவந்திருக்கேன். முழுசுன்னு மட்டும் சொல்லலை."

எதிர்வீட்டு அக்காவின் புடவை எந்தக் கடையில் எடுத்தது என்று நான் கேட்கவில்லை.

சபையில் அப்பா பொக்கிஷதாரராகவும் இருந்தார். எங்கள் சபைகளின் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு தனி உலகம். பூசணிக்காய், வாழைத்தார், சேவல், கேக், யாரோ வீட்டில் காய்த்த ஒற்றை எலுமிச்சம்பழம். எலுமிச்சம்பழம் ஐந்நூறு ரூபாய்க்குப் போகும். எடுத்தவர் அதையே திருப்பிக் கொடுத்து மறு ஏலம் விடச் சொல்வார், கைதட்டல் காதைப் பிளக்கும். ஏலத்தொகையை அங்கேயே கட்ட வேண்டியதில்லை, பெயர் எழுதிக்கொள்வார்கள். இங்கேதான் விஷயம். கை தூக்கும்போது இருக்கிற வேகம் கட்டும்போது இருக்காது. அப்பாவின் நீல அட்டை நோட்டில் 'வர வேண்டியது' என்ற பத்தி வருடத்துக்கு வருடம் நீண்டுகொண்டே போனது. முன் வரிசைப் பெஞ்சில் உட்காருகிற பெயர்கள்தான் அதில் அதிகம்.

அதே சபையில் தறிவேலைக்குப் போகிற பையன் ஒருவன் இருந்தான். கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். சின்னக் கையாக இருந்தால் கூலி குறைவு. பிள்ளையின் பெயரில் அப்பன் அட்வான்ஸ் வாங்கிவிடுவான், அது அடையும்வரை பிள்ளை தறியை விட்டு எழுந்திருக்க முடியாது. ஊர் முழுக்க அப்போது இது சாதாரணம். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்து அதிகாரிகள் தெருவுக்கு வரத் தொடங்கியதும் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லப் பயிற்சி கொடுத்தார்கள். வயது கேட்டால் பதினாலு முடிஞ்சுது. யார் என்று கேட்டால் தறிக்காரரின் அக்கா மகன். சொந்தக் குடும்பத்தோடு செய்யும் வேலைக்குச் சட்டத்தில் விலக்கு இருந்ததால், ஊரில் திடீரென்று தறிக்குத் தறி மாமன்மார் முளைத்தார்கள். இந்தப் பையன் அம்மாவின் ஞாயிறு வகுப்பில் பதினொன்று என்பான், திங்கட்கிழமை தறியில் பதினைந்து ஆவான்.

ஒருமுறை அதிகாரி விடவில்லை, வயதுக்கு அத்தாட்சி கேட்டுவிட்டார். பையனின் அம்மா போதகரிடம் ஓடிவந்தார். ஞானஸ்நானப் பதிவேட்டில் இருப்பதைவிட நாலு வருடம் கூட்டி ஒரு சர்டிபிகேட் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பையனை நிறுத்திவிட்டு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார்கள். போதகர் முடியாது என்றார். ஆராதனை முடிந்து எல்லாரும் செருப்புத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த அம்மாள் வாசற்படியில் நின்று கேட்டார்: "பொய் எழுதமாட்டீங்க, சரி. உங்க உண்மைக்கு என் வீட்டுச் சட்டிதான் காலியாகணுமா ஐயா?"

போதகர் நின்ற இடத்திலேயே நின்றார். எத்தனையோ பிரசங்கம் மறந்துவிட்டது, அந்தக் கேள்வி எனக்கு மறக்கவில்லை. உண்மை பேசுவதற்கு ஆகும் செலவை அதைப் பேசுகிறவர்களே எப்போதும் கட்டுவதில்லை.

அட்வான்ஸைச் சபையே கட்டலாமா என்று கமிட்டி கூடியது. நிதி இல்லை, கட்டட வேலை இருக்கிறது, ஒருவருக்குச் செய்தால் பத்துப் பேர் வருவார்கள் என்று பேச்சு இழுத்துக்கொண்டே போனது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பா நீல அட்டை நோட்டைத் திறந்து 'வர வேண்டியது' பத்தியை முதலிலிருந்து வாசித்தார். பெயர், பொருள், தொகை. எலுமிச்சம்பழம் உட்பட. அங்கே உட்கார்ந்திருந்தவர்களின் பெயர்களே பாதி. வாசித்துக் கூட்டிப் பார்த்தால் பையனின் அட்வான்ஸைக் கட்டி, மேலும் மிஞ்சும். "ஏலத்துல கை தூக்கச் சொல்லி யாரும் யாரையும் கட்டாயப்படுத்தலை" என்று மட்டும் சொல்லிவிட்டு நோட்டை மூடினாராம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லும்போது அவர் கை நடுங்கியது.

அடுத்த ஞாயிறு சிலர் கவரில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சிலர் மாதங்கள் கழித்துக் கொடுத்தார்கள். ஒரு குடும்பம், நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டார் என்று வேறு சபைக்குப் போய்விட்டது. போன குடும்பத்தின் பாக்கிதான் பட்டியலிலேயே பெரிது. பையன் தறியிலிருந்து இறங்கிப் பள்ளிக்கூடம் போனான். இரண்டு வருடம் தாண்டவில்லை, தானாகவே வேறு தறிக்குப் போய்விட்டான். அப்பாவுக்கு அதில் வருத்தம். பையனின் அம்மா மட்டும் சாகும்வரை எங்கள் வீட்டுக்குப் பொங்கலுக்குப் பூசணிக்காய் கொண்டுவந்து கொடுத்தார்.

இப்போது ஊருக்குப் போனால் எல்லாம் மாறியிருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டு அசலா என்று காட்ட சில்க் மார்க் முத்திரை வந்தது. அந்த முத்திரை பட்டுக்குத்தான், ஜரிகையைப் பற்றி வாய் திறக்காது. அது பலருக்குத் தெரியாது என்பது சில கடைகளுக்கு வசதி. ஜரிகைமேல் எக்ஸ்ரே பாய்ச்சி எந்த உலோகம் எத்தனை பங்கு என்று சொல்லும் மெஷின் வந்துவிட்டது. அப்பாவின் கன்னத்துக்கு இப்போது வேலை இல்லை.

சித்தப்பா மகன் காந்தி ரோட்டை ஒட்டிய சந்தில் சின்னதாகக் கடை வைத்திருக்கிறான். போன தை மாதம் அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். அந்தம்மா கழுத்தில் சிலுவை டாலர். புடவை பிடித்துப்போய், "டெஸ்ட் ஜரிகையே போதும் தம்பி, பட்ஜெட் அவ்வளவுதான். பில்லுல மட்டும் சுத்த ஜரிகைன்னு போட்டுக் குடுங்க. சம்பந்தி வீட்டுல காட்டணும்" என்றார்.

"டெஸ்ட் ஜரிகை ஒண்ணும் குறைச்சல் இல்லைம்மா. என் தங்கச்சி கல்யாணத்துக்கே அதான் எடுத்தோம். அப்படியே சொல்லிக் குடுங்களேன்."

"கல்யாணம்னா இதெல்லாம் சகஜம்தானே. நாங்களும் ஜெபம் பண்ற குடும்பம்தான் தம்பி."

"பில்லுல மாத்தி எழுத முடியாதும்மா. மன்னிச்சுக்கங்க."

பிரித்துப் போட்ட புடவைகளை அப்படியே விட்டுவிட்டு அவர்கள் எதிர்க் கடைக்குப் போனார்கள். அரைமணி நேரத்தில் நாலு பையோடு வெளியே வந்ததையும் இருவரும் பார்த்தோம். தம்பி ஒவ்வொரு புடவையாக மடித்துக்கொண்டே, "அக்கா, இதை அப்பாகிட்டச் சொல்லிடாத. முகூர்த்த மாசத்துல வந்த கிராக்கியை விட்டுட்டேன்னு ராத்திரி பூரா பேசுவாரு. கேட்டா இன்னிக்கு யாரும் வரலைன்னு சொல்லிக்கலாம்" என்றான்.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்ததும் சித்தப்பா அவனை விட்டுவிட்டு நேராக என்னிடம், "கடையில கூட்டமாம்மா?" என்றார்.

"ஒரு கல்யாண வீட்டுக்காரங்க வந்தாங்க சித்தப்பா. பில்லை மாத்திக் கேட்டாங்க, இவன் முடியாதுன்னுட்டான். எதிர்க் கடைக்குப் போய்ட்டாங்க."

அவன் சொன்னபடியே ராத்திரி பூரா நடந்தது. தம்பி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.